மருந்தாளுநர் (தமிழ்நாடு)

மருந்தாளுநர் என்பவர் மருத்துவர் எழுதிய மருந்துச்சீட்டைச் சரிபார்த்து, உரிய மருந்தை உரிய அளவில் வழங்கி, அதனை உட்கொள்ளும் முறையை நோயாளிக்கு விளக்கும் தகுதி பெற்றவர் ஆவார். இந்தியாவில் 1948 ஆம் ஆண்டின் பார்மசி சட்டப்படி, மாநிலப் பதிவேட்டில் பெயர் பதிவு செய்தவர் மட்டுமே மருந்தாளுநர் எனப்படுவார். சென்னையின் தெற்குப் புறநகரான பல்லாவரம், இத்துறைக் கல்வி கற்பிக்கப்படும் இடங்களுள் ஒன்றாகும்.

பெயரும் தகுதிநிலையும்

ஐக்கிய அமெரிக்கா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் மருந்தாளுநருக்குக் கீழே ‘பார்மசி டெக்னீசியன்’ என்னும் தனிப் பணிநிலை உண்டு. பெரிய பிரித்தானியாவில் 2011 ஆம் ஆண்டு முதல் இவர்களும் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்தியப் பார்மசி சட்டத்தில் இத்தகைய இடைநிலை இல்லை. இரண்டு ஆண்டுப் பட்டயம் (டி.பார்ம்) பெற்றுப் பதிவு செய்தவரும், நான்கு ஆண்டுப் பட்டம் (பி.பார்ம்) பெற்றுப் பதிவு செய்தவரும் சட்டத்தின்முன் மருந்தாளுநர்களே. மருந்துக் கடையில் பல்லாண்டு வேலை பார்த்த அனுபவம் இருந்தாலும், பதிவு இல்லாதவர் கடை உதவியாளர் மட்டுமே.

மருந்துக்கடை உதவியாளருக்கான குறுகிய காலப் பயிற்சிகளைச் சில நிறுவனங்கள் நடத்துகின்றன. இப்பயிற்சிச் சான்றிதழைக் கொண்டு மருந்தாளுநராகப் பதிவு செய்ய இயலாது. எனவே பணம் கட்டுமுன், பாடநெறியும் கல்லூரியும் இந்திய பார்மசி கவுன்சிலின் ஒப்புதல் பெற்றவையா என்று மாணவர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வரலாறு

முற்காலத்தில் மருத்துவருக்கு உதவியாக மருந்து கலந்து கொடுத்தவர் ‘கம்பவுண்டர்’ எனப்பட்டார். போலி மருந்துகளும் தரமற்ற மருந்துகளும் பெருகியதால், ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த குழு 1930–31 இல் ஆய்வு நடத்தியது. 1932 இல் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் சிராப் மருந்தியல் கல்வியைத் தொடங்கினார். 1940 இல் மருந்துகளுக்கான சட்டமும், 1948 இல் அவற்றை வழங்குவோருக்கான பார்மசி சட்டமும் இயற்றப்பட்டன.

பணிகள்

மருந்தாளுநரின் பணி பெட்டியை எடுத்துக் கொடுப்பதோடு முடிவதில்லை. எடுத்துக்காட்டாக, குழந்தைகளுக்கான பாரசிட்டமால் திரவ மருந்து 5 மில்லிலிட்டருக்கு 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்னும் இரு செறிவுகளில் விற்கப்படுகிறது. புட்டியை மாற்றிக் கொடுத்தால், அதே ஒரு கரண்டியில் குழந்தைக்கு இருமடங்கு மருந்து சென்றுவிடும். இத்தகைய பிழையைக் கண்டு தடுப்பதே இவருடைய முதன்மைக் கடமை. ஏனைய கடமைகளுள் சில:

- மருந்துச்சீட்டில் ஐயம் இருப்பின் மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல்.
- இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில் பாதுகாத்தல்.
- காலாவதித் தேதி நெருங்கியவற்றை முதலில் வழங்குதல், காலாவதியானவற்றை நீக்குதல்.
- ‘எச்1’ அட்டவணை மருந்துகளை வழங்கும்போது மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி, மூன்று ஆண்டுகள் பேணுதல்.

எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சில நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் காசநோய் மருந்துகள் பலவும் இதில் அடங்கும். இம்மருந்துகளை முறையின்றி உட்கொண்டால், கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாதவையாக மாறுகின்றன. காசநோய் மருந்து வாங்குவோர் பற்றி மருந்தகங்களும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என 2018 இல் ஆணையிடப்பட்டது. 1928 இல் காசநோய் மருத்துவமனை தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியத்தை அடுத்துள்ள இப்பகுதிக்கு இவ்விதி மிகவும் பொருந்துவதாகும்.

கல்வியும் பதிவும்

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுடன் உயிரியல் அல்லது கணிதம் படித்தவர்கள் டி.பார்ம் படிப்பில் சேரலாம். இரண்டு ஆண்டுப் படிப்பின்பின், மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ 500 மணிநேரச் செய்முறைப் பயிற்சி உண்டு. 2022 ஆம் ஆண்டின் விதிமுறைகள், பதிவுக்கு முன் வெளியேறு தேர்வு ஒன்றையும் கொண்டுவந்தன. தமிழ்நாட்டில் தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்.

டி.பார்ம் முடித்தவர்கள் பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர இயலும். ஆறு ஆண்டுப் பார்ம்.டி படிப்பு இந்தியாவில் 2008 இல் அறிமுகமானது.

பல்லாவரத்தில் உள்ள வேல்ஸ் கல்வி நிறுவனம் 2008 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. இங்கு பி.பார்ம் உள்ளிட்ட மருந்தியல் படிப்புகள் கற்பிக்கப்படுகின்றன. துரைப்பாக்கத்திலும் காட்டாங்குளத்தூரிலும் மருந்தியல் கல்லூரிகள் உள்ளன. இவை தனியார் நிறுவனங்கள். அரசுத் துறையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் இக்கல்வி உண்டு.

வேலைவாய்ப்பு

தனியார் மருந்தகங்கள், மருத்துவமனைகள், மருந்து உற்பத்தி நிறுவனங்கள் ஆகியவற்றில் இவர்களுக்கு வேலை கிடைக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தாளுநர்களை, 2012 இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாட்டில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. டி.பார்ம் அல்லது பி.பார்ம் முடித்தவர்களும், அவர்களுடைய ஒப்புதல் பெற்றவர்களும் இவற்றை நடத்த விண்ணப்பிக்க வழி செய்யப்பட்டது.

மருந்துச்சீட்டுக்கு மருந்து வழங்கும்போது, பதிவு பெற்ற மருந்தாளுநர் கடையில் நேரில் இருந்து மேற்பார்வையிட வேண்டும். சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு அவர் வேறிடத்தில் வேலை பார்ப்பது சட்டமீறலாகும். மருந்து பெறுவோர், கடையில் மருந்தாளுநர் இருக்கிறாரா என்று கேட்டு, மருந்தின் அளவையும் வேளையையும் அவரிடமே அறிந்துகொள்வது நன்று.