பச்சை உடம்பும் யோகப் பயிற்சியும்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பர் நம் பெரியோர். ஆனால் குழந்தை பிறந்த மறுநாளே வீட்டார் கண்களெல்லாம் தொட்டிலின் மேல் சென்று விடுகின்றன. தொட்டிலுக்கு அருகே படுத்திருக்கும் தாயை யார் பார்க்கிறார்கள்? இந்த வினாவை என்னிடம் எழுப்பியவள் என் தமக்கை.

அவள் பேறுகாலத்திற்கு ஊர் செல்ல இயலாமல் குர்லாவிலேயே தங்கினாள். ஒற்றை அறை வீடு, பக்கத்தில் இருப்புப்பாதை. பதினோராம் நாள், கைப்பேசியில் எவரோ அனுப்பிய காட்சியைப் பார்த்து, வயிறு உள்ளே போகுமென்று கபாலபாதி செய்யத் தொடங்கினாள். தையல் வலித்தது. நிறுத்தினாள். பிறகு காரணமின்றி அழுதாள். “எனக்கு என்னமோ பயமா இருக்குடா தம்பி” என்றாள். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதன் பின் மருத்துவரிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே இங்கே தருகிறேன். அன்பர்கள் ‘இது பெண்கள் செய்தி’ என்று பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. நம் எல்லோர் வீட்டிலும் தமக்கையோ, தங்கையோ, அண்ணியோ உண்டு.

உடலில் நிகழ்வது என்ன?

பேறு முடிந்தவுடன் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளதாக இருக்கும். ஆறு வாரங்களில் அது சுருங்கி நூறு கிராமுக்கும் குறைவாகிறது. இது மிகப் பெரிய மாற்றம்; மிக விரைவில் நிகழ்வது. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாகச் செல்லும் இரு தசைப் பட்டைகள் கருவின் வளர்ச்சியால் விலகி நிற்கின்றன. இடுப்பெலும்பின் அடியில் தொட்டில்போல் அமைந்து, கருப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கும் தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. தும்மினாலும் இருமினாலும் சிறுநீர் கசிவது இதனால்தான். பெண்கள் பலர் இதை வெட்கத்தால் வெளியில் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக் கொள்கிறார்கள். மூட்டுகளைப் பிணைக்கும் நார்களும் சில மாதங்கள் நெகிழ்ந்தே இருக்கும்.

‘பச்சை உடம்பு’ என்ற நம் வழக்குச் சொல் இத்தனையையும் இரண்டே சொல்லில் அடக்கிவிட்டது. நாற்பது நாள் ஓய்வு, பூண்டுக் குழம்பு, எண்ணெய்த் தேய்ப்பு என்ற ஏற்பாடுகள் தாயைப் பிறர் தாங்க வேண்டுமென்ற நல்லறிவில் பிறந்தவை. ஆனால் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டினால் மட்டும் தசை வலுப்பெற்று விடாது. தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது தவறு. பாலூட்டும் தாய்க்கு நீர் மிகுதியாக வேண்டும். ஓய்வு வேண்டுமென்பதற்காக அசையாமலே கிடப்பதும் நன்றன்று. கால்களின் குருதிக் குழாய்களில் குருதி உறைய அது இடம் தரும்.

சாந்தாகுரூஸ் தந்த வழி

யோகம் நெடுங்காலம் துறவியர்க்கும் ஆடவர்க்கும் உரியதாகவே கருதப்பட்டது. அதை இல்லறத்தார்க்கு உரியதாக்கிய முயற்சிகளுள் ஒன்று நம் நகரிலேயே தோன்றியது. 1918ஆம் ஆண்டு வெர்சோவாவில் ஸ்ரீ யோகேந்திரர் யோக நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் சாந்தாகுரூஸ் கிழக்கில் நிலைபெற்று இன்றும் நடந்து வருகிறது. அவர் துணைவியார் சீதாதேவி அம்மையார் பெண்களுக்கான யோக உடற்பயிற்சி பற்றி 1934இல் ஒரு நூல் வெளியிட்டார். பெண்ணொருத்தி பெண்களுக்காக எழுதிய யோக நூல்களுள் அது முன்னோடி. பிற்காலத்தில் புனேயில் கீதா ஐயங்கார் அம்மையார் பெண்களுக்கென எழுதிய நூல் 1983இல் ஆங்கிலத்தில் வந்தது. சென்னையில் 1976இல் தொடங்கப்பெற்ற கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம், பயிற்சியை ஆளுக்கேற்ப அமைக்க வேண்டும் என்ற கொள்கையுடையது. பேறுற்ற தாய்க்கு மிகவும் பொருந்தும் கொள்கை அதுவே. குர்லாவில் இறங்கிக் கலினா வளாகத்திற்கு வரும் நமக்குச் சாந்தாகுரூஸ் நிலையம் தொலைவானதன்று.

படிப்படியாகச் செய்யும் முறை

முதல் வாரம் ஆசனம் எதுவும் வேண்டா. மூச்சு ஒன்றே போதும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுக்கும்போது வயிறு மெல்ல உயரட்டும். விடும்போது இன்னும் நீளமாக, மெதுவாக விடட்டும். ஐந்து முதல் பத்து முறை செய்யலாம். படுத்தபடியே கணுக்கால்களை மேலும் கீழும் அசைப்பது குருதியோட்டத்திற்கு நல்லது.

அடுத்தது அடித்தசைப் பயிற்சி. சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை மேல்நோக்கி இழுத்து, மூன்று முதல் ஐந்து நொடி நிறுத்தி, முற்றிலும் தளர்த்த வேண்டும். இதைச் சிறுநீர் கழிக்கும்போதே செய்து பழகலாகாது. எட்டிலிருந்து பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். இதனை 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் மருத்துவ உலகிற்கு எடுத்துரைத்தார். யோக நூல்கள் கூறும் மூலபந்தம் இதற்கு நெருங்கிய உறவுடையது. ஆனால் யோகத்தில் சொல்லும் நெடிய மூச்சடக்கல் இப்பொழுது கூடாது.

இரண்டாம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை, வலியில்லாத அளவுக்குச் சிறு நடையும், பாலூட்டிக் குனிந்த தோள்களை மெல்லச் சுழற்றுதலும், பூனை போல் முதுகை வளைத்து நிமிர்த்தலும் சேர்த்துக் கொள்ளலாம். ஆறு வாரம் கழித்து மருத்துவர் பார்த்து இசைவளித்த பின்னரே தாடாசனம், இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனம் போன்றவற்றைத் தொடங்க வேண்டும்.

அறுவை மூலம் பேறு கண்டவர்கள் இன்னும் பொறுமை காட்ட வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தவை. வயிற்றின் பல அடுக்குகளைத் தைத்த காயம் அது. மூச்சும் கணுக்கால் அசைவும் போதும். மற்றவை மருத்துவர் சொல்லும் நாளில். கபாலபாதி, நௌலி, தனுராசனம், மயூராசனம், சிரசாசனம் முதலியவற்றைத் தொடக்க மாதங்களில் எல்லாத் தாய்மாரும் தள்ளி வைத்தலே நலம். என் தமக்கை செய்த பிழை இதுவே: பயிற்சி தீயதன்று, காலம் தவறியது.

மிகுந்த குருதிப்போக்கு, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், கண் மங்கலோடு கடுந்தலைவலி — இவற்றுள் ஒன்று தோன்றினாலும் பாயைச் சுருட்டிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

மனத்தின் காயம்

உடலின் தளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்; உள்ளத்தின் தளர்ச்சி தெரிவதில்லை. பேறு கழிந்த மூன்றாம் நாளளவில் பல தாய்மார்க்குக் காரணமறியா அழுகை வரும். இரண்டு வாரத்திற்குள் அது தானே தணியும். தணியாமல் துயரம், உறக்கமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, ‘நான் எதற்கும் உதவேன்’ என்ற எண்ணம் ஆகியவை நீடித்தால் அது நோய். 2017இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் இதழில் வெளியான ஆய்வு, இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து, நூற்றுக்கு 22 தாய்மார் இத்துயருக்கு ஆட்படுகின்றனர் எனக் கணித்தது. ஐவரில் ஒருவருக்கும் மேல்! ‘பெற்றவளுக்கு என்ன குறை?’ என்று கேட்கும் வீடுகளில் இவர்கள் எங்கே போய்ச் சொல்வார்கள்?

யோகம் இங்கே என்ன செய்யும்? நீண்டு வெளிவிடும் மூச்சு நெஞ்சின் துடிப்பை மெதுவாக்குகிறது. சவாசனம் உறக்கமிழந்த உடலுக்கு ஓய்வு தருகிறது. மயக்கம் தெளியச் சில நிமிடத் தனிமை கிடைக்கிறது. இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. எனினும் துயரமும் அச்சமும் ஓரளவு குறைவதாக அவற்றுள் பல காட்டுகின்றன. ஆயினும் யோகம் மருந்துக்குத் துணையே அன்றி மாற்றன்று. தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் எழுந்தாலும், இல்லாததைக் காண்பதும் கேட்பதும் நேர்ந்தாலும், ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவரை நாட வேண்டும். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 14416 என்ற மனநலத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம்.

நம் கடமை

குர்லாவிலும் தாராவியிலும் ஒற்றை அறையில் வாழும் தாய்க்குக் குறைவது ஆசனம் அன்று. பாய் விரிக்க இடமும், அதில் படுக்க நேரமுமே. ஊரில் என்றால் அம்மாவும் அத்தையும் இருப்பார்கள். இங்கே கணவன் வேலைக்குப் போனால் கதவைச் சாத்தி அவள் தனியே. சட்டம் முதலிரண்டு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பளிக்கிறது. ஆனால் வீட்டு வேலை செய்து பிழைக்கும் நம் பெண்களுக்கு அச்சட்டத்தின் நிழல் எட்டுவதில்லை.

சட்டம் எட்டாத இடத்திலும் நம் கை எட்டும். என் தமக்கைக்கு நான் செய்தது ஒன்றே: கல்லூரி விட்டு வந்ததும் கால்மணி நேரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நடப்பேன். உள்ளே அவள் மருத்துவர் சொன்னபடி மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருப்பாள். முதல் சில நாள் அழுகைதான் வந்ததாம். மூன்றாம் வாரம் ஒரு மாலை கதவைத் திறந்து, “கொண்டாடா என் பிள்ளையை” என்று கை நீட்டினாள். அவள் குரலில் அந்த அச்சம் இல்லை.

அன்பர்களே, யோகம் கற்பிக்க நமக்குத் தெரியாமலிருக்கலாம். கால்மணி நேரம் குழந்தையைத் தூக்கி வைத்திருக்க எவருக்குத் தெரியாது?