கோட்டைச் சுவரில் ஒரு பகற்பல்லி

வேலூர்க் கோட்டையின் அகழியைப் பார்த்திருப்பீர்கள்; சலகண்டேசுவரர் கோயில் தூண்களைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். சுவரின் கருங்கல் இடுக்குகளை எப்போதேனும் உற்றுப் பார்த்ததுண்டா? 2000-ஆம் ஆண்டில் இக்கோட்டையிலிருந்துதான் ஒரு புதிய பல்லியினம் அறிவியல் உலகுக்கு அறிமுகமாயிற்று. இந்திரநீல் தாஸ், ஆரன் பாவர் என்ற இரு விலங்கியலார் அதற்கு ‘நெமாஸ்பிஸ் ஓட்டாய்’ எனப் பெயரிட்டனர். ஓட்டா என்பவர் ஜப்பானிய ஊர்வன ஆய்வாளர். தோலும் காலணியும் கப்பலேறும் ஊர்ப்பக்கத்துப் பல்லிக்குக் கடல் கடந்த பெயர்!

இது உங்கள் வீட்டுச் சுவரில் ‘சொல்லும்’ பல்லியன்று. அதன் கண்மணி பகல் வெளிச்சத்தில் நெடுங்கீற்றாகச் சுருங்கும். இருளில் அகல விரியும் கண்ணுக்குப் பகலில் அந்தக் காப்பு வேண்டும். பகலிலேயே இரை தேடும் நெமாஸ்பிஸ் வகைக்கோ கண்மணி வட்டமானது. கால்களும் வேறு. வீட்டுப்பல்லியின் விரலடியில் பட்டையான ஒட்டுமடிப்புகள் உண்டு. அதனால் அது வழவழப்பான கண்ணாடியிலும் ஏறும். பகற்பல்லிக்கு அவை இல்லை. மெலிந்த விரல்களின் நகங்களால் சொரசொரப்பான கல்லைப் பற்றிக்கொள்ளும். உடல் ஒரு விரல் நீளம்கூட இராது. நிறமோ கல்லின் நிறம். அசைந்தால்தான் தெரியும்.

அந்தமானில் வேறொரு பகற்பல்லி உண்டு. பச்சை உடலில் செம்புள்ளிகள் கொண்ட அது தென்னையிலும் தாழையிலும் வாழ்கிறது. அதன் பேரினத்தைச் சேர்ந்த மற்றவையெல்லாம் 4000 கி.மீ.-க்கும் அப்பால், செஷல்ஸ், மடகாஸ்கர் பக்கத்தில் உள்ளன. அதற்குக் கடல் எல்லை. நம் பல்லிக்கு எது எல்லை? வேலூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகளை நினைத்துப் பாருங்கள். நடுவே வயல், சாலை, வெயிலில் காயும் வெட்டவெளி. நிழலிடுக்கை விட்டு நீங்காத சிற்றுயிருக்கு அந்தச் சமவெளியே கடல். ஒவ்வொரு குன்றும் ஒரு தீவு. தனித்துப்போன கூட்டம் நெடுங்காலத்தில் தனி இனமாகிறது. அதே 2000-இல் ஏற்காட்டிலிருந்தும் ஓர் இனம் அறிவிக்கப்பட்டது வியப்பன்று.

ஆகவே, ஒரு குன்றை ஜல்லிக்காக உடைத்தால் அங்குள்ள கூட்டம் பக்கத்துக் குன்றுக்குக் குடிபெயரும் என்று எண்ண வேண்டா. பழஞ்சுவரின் இடுக்கையெல்லாம் சிமெண்டால் பூசினாலும் இதே கதிதான்: முட்டையிடவும் ஒளியவும் இடமிராது. பல்லிக்கு நஞ்சு என்று சொல்லி அடிப்பவரும் உளர். நம் நாட்டுப் பல்லி எதற்கும் நஞ்சில்லை.

அடுத்த முறை கோட்டைக்குப் போகும்போது நிழல் விழும் சுவரருகே சற்று நேரம் அசையாமல் நில்லுங்கள். கைவிட்டுக் குடையாதீர்கள்.