குரைக்காத நாய் என்ன சொல்கிறது?

பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சுங்கை சிப்புட் நகரம் அமைந்துள்ளது. ஒரு காலத்தில் இந்நகரைச் சுற்றி ரப்பர் தோட்டங்கள் நிறைந்திருந்தன. விடியுமுன் பெரியவர்கள் பால்வெட்டுக்குப் புறப்பட்ட பின்னர், லயத்து வீட்டின் வாசலில் காவலிருந்தது நாய்தான். பாம்பைக் கண்டால் ஒரு விதமாகவும், அந்நியரைக் கண்டால் வேறு விதமாகவும், வீட்டுக்காரர் வரும்போது இன்னொரு விதமாகவும் அது குரைக்கும். குரலைக் கேட்டே வாசலில் நடப்பது இன்னதென்று வீட்டிலுள்ளோர் அறிந்துகொண்டனர். இன்று பல தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. இருப்பினும், நாய் வளர்க்கும் பழக்கம் மாறவில்லை.

குரைக்கும் நாயை அனைவரும் கவனிக்கின்றனர். குரைக்காத நாயைப் பலர் கவனிப்பதில்லை. எப்போதும் துள்ளித் திரிந்த நாய் ஒரு மூலையில் ஒதுங்கிப் படுத்தால், “பரவாயில்லை, அடங்கிவிட்டது” என்று சிலர் மகிழ்வதும் உண்டு. உண்மையில், வழக்கத்திற்கு மாறான அமைதி பெரும்பாலும் நல்ல பழக்கத்தின் அடையாளமன்று. அது உடலிலோ மனத்திலோ ஏற்பட்டுள்ள துன்பத்தின் அடையாளமாக இருக்கலாம்.

எல்லா அமைதியும் நோயாகாது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறத்தாழ 12 முதல் 14 மணி நேரம் வரை உறங்குகிறது. குட்டிகளும் முதிய நாய்களும் இன்னும் கூடுதலாக உறங்கும். சில இனங்கள் இயல்பிலேயே குறைவாகக் குரைப்பவை. ஆப்பிரிக்காவின் காங்கோ பகுதியைச் சேர்ந்த பசேன்ஜி நாய், மற்ற நாய்களைப் போலக் குரைப்பது அரிது. நம் நாட்டிலும் அத்தகைய நாய் உண்டு. பூர்வகுடி மக்கள் வளர்த்துவந்த ஒரு நாயினத்தை 1963ஆம் ஆண்டில் ஓர்வில் எலியட் என்னும் மானிடவியல் அறிஞர் வெளியுலகிற்கு அறிமுகப்படுத்தினார். தெலோம் ஆற்றின் பெயரால் அது தெலோமியன் என்று அழைக்கப்படுகிறது. அதுவும் குரைப்பதைவிட ராகமாக ஊளையிடுவதையே வழக்கமாகக் கொண்டது.

ஆகவே, ஒரு நாயின் அமைதியை அடுத்த வீட்டு நாயோடு ஒப்பிட்டு அறிய முடியாது. அந்த நாய் நேற்றும் சென்ற வாரமும் எவ்வாறு இருந்ததோ, அதனோடுதான் ஒப்பிட வேண்டும். வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஓடிவரும் நாய் இன்று தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறதா? உணவுத் தட்டின் ஓசைக்கு எழாமல் படுத்திருக்கிறதா? இந்த வேறுபாடே கவனத்திற்குரியது.

நாய் வலியை வெளிப்படையாகக் காட்டாததற்கும் காரணம் உண்டு. நாயின் மூதாதையரான ஓநாய்கள் காட்டில் கூட்டமாக வாழ்ந்தவை. காட்டில் பலவீனத்தை வெளிக்காட்டும் விலங்கு எதிரிகளுக்கு எளிதில் இரையாகும். அந்த இயல்பின் எச்சம் வீட்டு நாயிடமும் இருப்பதாகக் கருதப்படுகிறது. அதனால், கடுமையான வலியிலும் அது கத்தாமல் ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். மனிதர் “வலிக்கிறது” என்று சொல்லும் இடத்தில், நாய் பேசாமல் இருந்துவிடுகிறது.

நம் நாட்டில் நாய்களை இவ்வாறு ஓசையின்றி வாட்டும் நோய்களுள் முதன்மையானது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி இரத்தத்தை உறிஞ்சும்போது எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி நாயின் உடலுக்குள் நுழைகிறது. இந்நுண்ணுயிரி 1935ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. எனினும், இதன் கொடுமையை உலகம் உணர்வதற்குத் தென்கிழக்காசியாவில் பணியாற்றிய இராணுவ நாய்களே காரணமாயின.

1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டதை அடுத்து, மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அக்காலத்தில் காடுகளில் தடம் கண்டறிய நாய்கள் பயன்படுத்தப்பட்டன. பின்னர், 1960களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்களிடையே இனம் தெரியாத நோய் ஒன்று பரவியது. அதே பத்தாண்டின் இறுதியில், வியட்நாம் போரில் ஈடுபடுத்தப்பட்ட அமெரிக்க இராணுவ நாய்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை அதே போன்ற நோயால் மாண்டன. அவற்றுள் பல, ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தைச் சேர்ந்தவை. சுறுசுறுப்பாக வேலை செய்த நாய்கள் சோர்ந்தன, உண்ண மறுத்தன, மூக்கிலிருந்து இரத்தம் வடிந்து இறந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, உண்ணி பரப்பும் எர்லிக்கியாவே காரணம் என்பது தெரியவந்தது.

இந்நோய் மூன்று கட்டங்களாக வளர்கிறது. உண்ணி கடித்து ஏறத்தாழ 8 முதல் 20 நாள்களில் முதற்கட்டம் தொடங்கும். காய்ச்சல், சோர்வு, பசியின்மை ஆகியவை தோன்றும். சில வாரங்களில் இவை தாமாகவே மறையக்கூடும். வீட்டாரும் நாய் குணமடைந்துவிட்டது என்று நம்பிவிடுவர். ஆனால், இரண்டாம் கட்டத்தில் நுண்ணுயிரி உடலுக்குள் மறைந்திருக்கும்; இந்நிலை மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கலாம். மூன்றாம் கட்டத்தில் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு, இரத்த அணுக்களின் உற்பத்தி குறைகிறது. ஈறு வெளுக்கும், தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும், மூக்கில் இரத்தம் கசியும். அந்நிலையில் காப்பாற்றுவது கடினம். முதற்கட்டத்திலேயே இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் தரும் மருந்தை வழக்கமாக 28 நாள்கள் வரை முறையாகக் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துக்கொள்கின்றன. முதற்கட்டத்தில் நாய் காட்டும் முக்கிய அடையாளங்களுள் ஒன்று, அதன் அமைதிதான்.

அமைதிக்கு வேறு உடற்காரணங்களும் உள்ளன. தடுப்பூசி போடாத குட்டிகளைப் பார்வோ நச்சுயிரி தாக்கும்போது, வாந்தியும் இரத்தப்போக்கும் தொடங்குவதற்கு முன்பே குட்டி வாடிப்போகும். நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைப்பதன் மூலமே அது பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றுகிறது. நண்பகல் வெயிலில் நிழலும் நீரும் இல்லாமல் கட்டப்பட்ட நாயின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியசைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முதிய நாய்களுக்கு மூட்டுவலி, செவித்திறன் குறைதல், பல்நோய் ஆகியவை காரணமாகலாம். காது கேளாத நாய், வாசலில் ஆள் வந்தது தெரியாமலே படுத்திருக்கும். அதைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது முறையாகாது.

மனமும் நாயை அமைதியாக்கும். மனிதர் காதுக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே எட்டும். நாய்க்கோ ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரை எட்டும். தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் வெடிக்கும் பட்டாசு, நாய்க்குப் பேரச்சத்தைத் தருகிறது. அதனால் கட்டிலுக்கடியில் புகுந்து, ஒரு நாள் முழுவதும் வெளியே வராத நாய்களும் உண்டு. பிரிவும் அவ்வாறே. உடன் வளர்ந்த நாயை இழந்த நாய்களைப் பற்றி இத்தாலியில் 426 உரிமையாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர்களுள் 86 விழுக்காட்டினர், எஞ்சிய நாயின் நடத்தையில் மாற்றம் கண்டதாகக் கூறினர். விளையாட்டும் உணவும் குறைந்தன, உறக்கம் கூடியது. பிள்ளைகள் படிப்பிற்காக விடுதிக்குச் செல்லும்போதும், குடும்பம் தோட்டத்து வீட்டைவிட்டுத் தாமானுக்குக் குடிபெயரும்போதும் நாய் இவ்வாறே அடங்கிப்போகலாம். பரந்த வெளியில் திரிந்த நாய், சங்கிலியில் கட்டப்பட்டதும் ஊமையாகிவிடுவதில் வியப்பில்லை.

இன்னோர் அமைதி மனித உயிருக்கும் ஆபத்தானது. வெறிநாய் என்றதும் வாயில் நுரை தள்ள, பாய்ந்து கடிக்கும் நாயே பலர் நினைவுக்கு வரும். ஆனால், வெறிநோயில் அமைதியான வகையும் உண்டு. அந்நாய் ஒதுங்கிப் படுத்திருக்கும், தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், விழுங்க முடியாமல் தவிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்றெண்ணி, வாய்க்குள் கைவிடுவோர் நோய்க்கு ஆளாகலாம். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய மாநிலங்களிலும், 2017ஆம் ஆண்டில் சரவாக்கிலும் இந்நோய் தலைதூக்கியது. இத்தகைய நாயைத் தொடாமல் விலகி, கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டால், அந்த இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அத்தகைய அடையாளங்கள் இல்லாத வீட்டு நாய் அமைதியாகிவிட்டால் என்ன செய்வது? முதலில் அமைதியாக உற்றுநோக்க வேண்டும். உதட்டை மெல்ல உயர்த்தி ஈற்றின் நிறத்தைப் பார்க்கலாம். நலமான நாய்க்கு அது பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். ஓய்வில் இருக்கும்போது மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று ஒரு நிமிடம் எண்ணலாம். 10 முதல் 30 வரை இயல்பானது. காதின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகியவற்றில் உண்ணி உள்ளதா என்று தேடலாம். உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலருகே பிடித்து நேராக இழுக்க வேண்டும்; மண்ணெண்ணெய் ஊற்றுவதோ நெருப்பால் சுடுவதோ கூடாது. உண்ணி சுவர் வெடிப்புகளிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுமாதலால், நாய் படுக்கும் இடத்தையும் தூய்மைப்படுத்த வேண்டும்.

நாய் உண்டது, நீர் அருந்தியது, மலம் கழித்தது, மாற்றம் தொடங்கிய நாள் ஆகியவற்றைக் குறித்து வைப்பது மருத்துவருக்கு உதவும். ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈறு வெளுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ, எழ முடியாமற் போனாலோ சற்றும் தாமதிக்கக்கூடாது. மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வழக்கம் மிகவும் தீங்கானது. பாராசிட்டமாலும் ஐபுபுரோபனும் நாயின் உடலுக்கு நஞ்சாகலாம்.

நாயைப் பேணுவது அன்பைச் சார்ந்தது மட்டுமன்று; சட்டத்தையும் சார்ந்தது. 2017ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், வளர்ப்பு விலங்கின் தேவைகளை நிறைவேற்றுவதும், அதை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதும் உரிமையாளரின் கடமை என்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோர்க்குக் குறைந்தது 20,000 ரிங்கிட் அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

நாய் தன் நோவை வார்த்தையால் சொல்லாது. மருத்துவரிடம் தானே செல்லவும் முடியாது. அதன் வழக்கத்தை அன்றாடம் பார்த்துப் பழகியவர்களால் மட்டுமே மாற்றத்தை முதலில் உணர முடியும். உணவு வைக்கும் அம்மாவும், பள்ளி முடிந்து வந்து விளையாடும் பிள்ளையும் அவ்வகையில் மருத்துவருக்கு முந்திய காவலர்கள் ஆவர். குரைப்பைக் கேட்டு எழுந்து பார்ப்பதுபோல், குரைப்பு நின்றபோதும் எழுந்து பார்க்கும் வீட்டில்தான் நாய் நலமாக வாழும்.