ஒரே அலைவரிசை, இரண்டு கோபுரம்: நாங்கள் கற்ற பாடம்



நம் நாட்டில் செல்போன் வராத 1994-ஆம் ஆண்டு. எங்கள் வெங்காய மண்டிக்கு நான்கு லாரிகள். முறையாக உரிமம் பெற்று வயர்லெஸ் வைத்திருந்தோம். குரல் 20 கிலோமீட்டருக்கு மேல் எட்டவில்லை. விற்பனையாளர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, 30 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கோபுரம் போடுங்க. அதே அலைவரிசையில் இரண்டும் சேர்ந்து பேசும்" என்றார். நம்பிப் பணம் கட்டினோம்.

நடந்தது என்ன? கோபுரங்களின் அருகில் குரல் தெளிவு. நடுவழியிலோ ஒரே விசில் சத்தம். "சந்தை மூடியாச்சு, இறக்காதே, திரும்பி வா" என்று நாங்கள் கத்தியது டிரைவர் காதில் விழவில்லை. திறந்த வெளியில் இறக்கிய ஒரு லோடு வெங்காயம் இரவு மழையில் நனைந்து அழுகியது.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஒரு கடையில் இரண்டு தராசு இருந்து எடைக்கற்கள் ஒத்துப்போகாவிட்டால் கணக்கு எப்படி இருக்கும்? அதே கதைதான். 150 மெகாஹெர்ட்ஸில் பத்து லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் வந்தாலே 750 ஹெர்ட்ஸ். அது பேச்சின் நடுவே சீழ்க்கையாகக் கேட்கும். ஒரு கோபுரம் பலமாக எட்டும் இடத்தில் அது மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் சமமாக எட்டும் இடத்தில்தான் தொல்லை.

நேரமும் பொருந்த வேண்டும். ரேடியோ அலை ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். ஆகவே ஒவ்வொரு கோபுரத்துக்கும் பேச்சு போய்ச் சேரும் தாமதத்தை அளந்து, எல்லாம் பொருந்தும்படி சரிசெய்ய வேண்டும். இம்முறைக்கு 'சைமல்காஸ்ட்' என்று பெயர். இன்று ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் தரும் நேரத்தை வைத்தே கோபுரங்களை ஒத்து ஓடச் செய்கிறார்கள். எல்லார்க்கும் பொதுவான முத்திரைக் கல் அது! வண்டியிலிருந்து வரும் குரலைப் பல கோபுரங்கள் வாங்கும்; தெளிவானதை 'வோட்டர்' என்னும் கருவி தேர்ந்தெடுக்கும். அமெரிக்காவில் போலீசாரும் தீயணைப்புத் துறையினரும் பல ஊர்களில் இப்படித்தான் பேசுகிறார்கள்.

அந்த வசதி எங்கள் சக்திக்கு மீறியது. ஒரு நேரத்தில் ஒரு கோபுரம் மட்டும் பேசும்படி மாற்றி, ஒவ்வொரு செய்தியையும் இருமுறை சொன்னோம். செலவில்லாமல் தொல்லை தீர்ந்தது.

இன்று நம் வேலைக்குச் செல்போன் போதும். ஆனாலும் கிடங்குக்கும் மார்க்கெட்டுக்கும் வாக்கி டாக்கி வாங்கும் நண்பர்கள் உண்டு. உரிமம் தேவையா என்று முதலில் விசாரியுங்கள். இரண்டு கோபுரம் என்றால் நடுவழியில் நின்று கேட்டுப் பாருங்கள். அதன் பிறகே பணப்பையைத் திறங்கள்.