டில்லி மழையும் அலமாரிக் கதவும்

(நமது டில்லி நிருபர்)

டில்லியில் மே, ஜூனில் அனல் காற்று. ஜூலை பிறந்தால் ஈரக் காற்று. நாம் எப்படியோ சமாளித்து விடுகிறோம். மரம் சமாளிப்பதில்லை.

சென்ற வருஷம் மே மாதம் வீட்டு அலமாரிக்குத் தேக்கில் கதவு செய்யச் சொன்னேன். சட்டத்துக்குள் பலகை இறுக்கமாக இருக்க வேண்டும், சுற்றிலும் பெவிகால் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்தான். ஆகஸ்டில் பலகை உப்பிச் சட்டத்தின் மூட்டு வாய் பிளந்தது. மூன்று மாதச் சேமிப்பு வீண்!

கீர்த்தி நகர் மர மார்க்கெட்டில் முதிய மிஸ்திரி ஒருவரிடம் அதைக் காட்டினேன். "எந்த மாதம் செய்தது?" என்பதே அவர் கேட்ட முதல் கேள்வி.

மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. அகலவாக்கில்தான் உப்புகிறது, சுருங்குகிறது. அதனால்தான் நான்கு சட்டங்களைக் கூட்டி, உட்புறம் காடி எடுத்து, அதில் பலகையை ஒட்டாமல் நிறுத்துகிறார்கள். பசை சட்டங்களின் மூட்டுக்கு மட்டுமே.

கணக்கு இதுதான். அலமாரியின் வாய் 450 மி.மீ. அகலம், 750 உயரம் என்று வைத்துக்கொள்வோம். நாற்புறமும் 2 மி.மீ. விட்டால் கதவு 446க்கு 746. சட்டத்தின் அகலம் 60, காடியின் ஆழம் 10. நிற்கும் சட்டம் இரண்டும் 746 நீளம். குறுக்குச் சட்டத்துக்கு 446இல் இரண்டு அறுபதைக் கழித்தால் 326. காடிக்குள் நுழையும் நாக்குக்கு இருபுறமும் பத்துப் பத்துச் சேர்த்தால் 346.

பலகையையும் அதே 346 அகலத்துக்கு அறுத்ததுதான் என் வீட்டில் நடந்த தவறு. கோடையில் 340 போதும். பக்கத்துக்கு 3 மி.மீ. காலியாக இருக்கட்டும். மழைக்காலத்தில் அறுத்தால் மரம் ஏற்கெனவே உப்பியிருக்கும். 344 வரை போகலாம். மரத்தின் நார் உயரவாக்கில் ஓடுவதால், காடிக்குக் காடி 646 உள்ள இடத்தில் 644 உயரம் சரியாக இருக்கும். பிளைவுட் பலகையானால் இந்தக் கவலை இல்லை. அது அவ்வளவாக அசையாது.

இன்னொன்று: பலகைக்குப் பாலிஷ் போட்ட பிறகே சட்டத்தில் கோக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கோடையில் அது சுருங்கும்போது, ஓரத்தில் வெளுத்த கோடு ஒன்று எட்டிப் பார்க்கும்.

சட்டங்களை மீண்டும் கூட்டி, புதிய பலகை போட்ட அதே கதவு, இந்த ஆகஸ்டைச் சத்தமில்லாமல் கடந்துவிட்டது.