ஷவரில் தண்ணீர் ஏன் மெலிந்து போகிறது?

ஒருவர் மேல்மாடியில் குளித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்துக் குளியலறையில் இன்னொருவர் குழாயைத் திறந்ததும் ஷவரில் தண்ணீர் சட்டென்று குறைந்துவிடுகிறது. கூரைத் தொட்டியோ நிரம்பி இருக்கிறது. அப்படியானால் அழுத்தம் எங்கே போனது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உயரம் தரும் அழுத்தம்

தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு 3 மீட்டர் மேலே இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

அழுத்தம் = அடர்த்தி × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்
= 1000 × 9.81 × 3
= 29,430 பாஸ்கல்

எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது இந்த அழுத்தம் முழுமையாகக் கிடைக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும், குழாய்ச் சுவரோடு ஏற்படும் உராய்வு அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

உராய்வின் கணக்கு

இந்த இழப்பைக் கணக்கிடும் சமன்பாட்டை ஜெர்மானியரான ஜூலியஸ் வெயிஸ்பாக் 1845இல் வெளியிட்டார். பிரெஞ்சுப் பொறியியலாளர் ஹென்றி டார்சி 1857இல் வெளியிட்ட குழாய்ச் சோதனைகள் அதற்கு வலுச் சேர்த்தன. அதனால் இருவர் பெயரிலும் அது வழங்குகிறது.

உயர இழப்பு = உராய்வுக் கெழு × (நீளம் ÷ விட்டம்) × (வேகம்² ÷ 19.62)

19.62 என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கு.

நம் ஷவருக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர் தண்ணீர் வேண்டும். குழாயின் நீளம் 10 மீட்டர், உள்விட்டம் 15 மில்லிமீட்டர். அப்போது தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.13 மீட்டர். வழவழப்பான பிளாஸ்டிக் குழாய்க்கு உராய்வுக் கெழுவை 0.026 என்று கொள்ளலாம்.

0.026 × (10 ÷ 0.015) × (1.13² ÷ 19.62) = 1.13 மீட்டர்

குழாய் வளையும் இடங்களில் உள்ள நான்கு முழங்கை இணைப்புகள் மேலும் 0.24 மீட்டர் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். ஆக, 3 மீட்டரில் ஷவருக்கு எஞ்சுவது 1.63 மீட்டர்தான்.

இப்போது இரண்டாவது குழாயும் திறக்கிறது. பொதுக் குழாயில் ஓட்டம் இரட்டிப்பாக வேண்டும். வேகம் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்கு, அதாவது 4.5 மீட்டர். இருப்பதோ 3 மீட்டர்! ஆகவே அந்த ஓட்டம் நடக்கவே முடியாது. இருக்கும் உயரத்துக்குள் இழப்பு அடங்கும்வரை இரண்டிலும் தண்ணீர் குறையும்.

விட்டத்தின் வலிமை

அதே 12 லிட்டரை 20 மில்லிமீட்டர் குழாயில் அனுப்பினால், உராய்வு இழப்பு 0.27 மீட்டர்தான். விட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கு இழப்பு ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிட்டது. காரணம், குழாய் அகலமாகும்போது வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. சமன்பாட்டில் வேகமே வர்க்கமாக வருகிறது. கீழே விட்டம் இன்னொரு முறையும் வருகிறது. மொத்தத்தில் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது.

இதன் மறுபக்கம் பழைய இரும்புக் குழாய்களில் தெரியும். உள்ளே துருப் படிந்து 15 மில்லிமீட்டர் 12 ஆகச் சுருங்கினால், அதே ஓட்டத்துக்கு இழப்பு மூன்று மடங்காகி 3.4 மீட்டரைத் தொடும். துருவின் சொரசொரப்பு அதை இன்னும் கூட்டும்.

நீங்களே சோதியுங்கள்

10 லிட்டர் வாளியும் கைத்தொலைபேசியின் நேரங்காட்டியும் போதும். 50 விநாடியில் வாளி நிரம்பினால் ஓட்டம் நிமிடத்துக்கு 12 லிட்டர். கூரைத் தொட்டியிலிருந்து நீர் பெறும் இரண்டு குழாய்களை, ஒரே மாடியில், ஒரே உயரத்தில் உள்ளவையாகத் தேர்ந்தெடுத்து, தனித்தனியே முழுமையாகத் திறந்து அளந்து பாருங்கள்.

தொட்டிக்கு அருகில் உள்ளதில் நன்றாக வந்து, தொலைவில் உள்ளதில் மட்டும் குறைந்தால், சந்தேகப்பட வேண்டியது வழியைத்தான்: பாதி மூடிய வால்வு, அடைபட்ட வடிகட்டி, துருப்பிடித்த குழாய். இரண்டிலும் குறைவு என்றால், தொட்டியின் உயரம் போதாமல் இருக்கலாம். கூரைத் தொட்டியிலிருந்து நீர் பெறும் அடுக்குமாடிகளில், உச்சி மாடிகளுக்குப் பம்பு பொருத்துவது இதனால்தான்.

வீட்டில் பம்பு வாங்கும் பேச்சு எழுந்தால், முதலில் வாளியை எடுங்கள். ஒரு வால்வை முழுமையாகத் திறப்பதிலேயே வேலை முடிந்துவிடலாம்.