கண்ணுக்குத் தெரியாத கத்தி! 20 ஆயிரம் வோல்ட் பெட்டி!
லேசர் மெஷினுக்கு வேகம் ஏற்றுமுன் எர்த் போடுங்கள்!

வீட்டு வாசலில் பெயர்ப் பலகை, பைக் சாவியில் தொங்கும் பெயர், கல்யாணப் பத்திரிகையில் ஜாலி வேலை, கொலுவுக்கு வைக்கிற மரக் கோபுரம் - எல்லாம் இப்போது ‘லேசர் கட்டிங்’.

கத்தி கிடையாது. ரம்பம் கிடையாது. ஒளிதான் அறுக்கிறது!

இந்த வேலையைச் செய்கிற பெரிய மெஷின் லட்சக்கணக்கில் விலை. அதனால் சின்னக் கடைக்காரர்களும், வீட்டில் பொழுதுபோக்காகச் செய்கிறவர்களும் வாங்குவது ஒரு சீன மெஷின். இரண்டு பெரிய சூட்கேசை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். ‘கே-40’ என்பது அதன் செல்லப் பெயர்.

40 வாட் என்று போட்டிருக்கும். 30, 35 வந்தால் அதிர்ஷ்டம்.

வாங்கிக் கொஞ்ச நாள் ஆனதும் ஆசை வருகிறது. “வேகம் பத்தலை, போர்டை மாத்தணும்” என்று கிளம்புகிறார்கள். போர்டு பிறகு ஆகட்டும். அதற்கு முன்பு மாற்ற வேண்டியது வேறு. அது நூறு, இருநூறு ரூபாய்ச் சமாசாரம். ஆனால் உயிர்ச் சமாசாரம்!

இதுபற்றிய விவரம் வருமாறு:-

பாராமதிக்காரர் கண்டுபிடிப்பு

முதல் லேசரை 1960-ம் ஆண்டு அமெரிக்காவில் மைமன் என்ற விஞ்ஞானி எரிய வைத்தார். இன்று மரத்தையும் அக்ரிலிக்கையும் வெட்டுகிற கார்பன்-டை-ஆக்சைடு லேசரை உருவாக்கியவர் நம் நாட்டில் பிறந்தவர். பெயர் குமார் படேல். மராட்டிய மாநிலம் பாராமதியில் பிறந்து, புனாவில் என்ஜினீயரிங் படித்து, அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தபோது 1964-ல் இதைச் செய்தார்.

அமைப்பு டியூப் லைட் மாதிரிதான். நீளமான கண்ணாடிக் குழாய். உள்ளே கார்பன்-டை-ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் கலந்த வாயு. அதில் ஹை வோல்டேஜ் கரண்டைப் பாய்ச்சினால் ஒரு முனையிலிருந்து கதிர் வரும். மூன்று கண்ணாடியில் பட்டுத் திரும்பி, ஒரு லென்ஸ் வழியாகக் குவிந்து, மரத்தில் விழுந்தால் மரம் ஆவியாகிப் போகும்.

டியூப் லைட்டுக்கும் இதற்கும் வித்தியாசம் வோல்டேஜில். சுவரில் வருவது 230 வோல்ட். இந்த மெஷினுக்குள் இருக்கும் சப்ளை பெட்டி அதை 15 ஆயிரம், 20 ஆயிரம் வோல்ட் ஆக்கிக் குழாய்க்குத் தருகிறது!

ஒரு சின்னக் கணக்கு. 15 ஆயிரம் வோல்ட்டில் 15 மில்லி ஆம்பியர் ஓடினால் 225 வாட். அதில் ஒளியாக வெளியே வருவது முப்பத்துச் சொச்சம். மிச்சம் முழுவதும் சூடு. அதனால்தான் குழாயைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. தண்ணீர் கதைக்குப் பிறகு வருவோம்.

“டேய் தம்பி, அந்தத் துண்டை எடு!”

கடையில் வேலை பார்க்கிற பையனிடம் முதலாளி இப்படிச் சொல்வது சகஜம். அவனும் “சரிண்ணே” என்று மூடியைத் தூக்கிக் கையை விடுவான்.

மெஷின் நிற்குமா? நிற்காது!

மலிவு விலையில் வருகிற மெஷின்கள் பலவற்றில் மூடிக்கு சுவிட்சே கிடையாது. மூடி திறந்திருந்தாலும் கதிர் பாய்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. சிலர் வெட்டும் இடத்தைக் காட்டுவதற்குச் சிவப்புப் புள்ளி லைட் மாட்டியிருப்பார்கள். அந்தப் புள்ளியைத்தான் லேசர் என்று பையன் நினைத்துக்கொள்வான். அது சும்மா வழிகாட்டி. வெட்டுகிற கதிர் வேறு. எங்காவது தகரத்தில் பட்டு முகத்துக்குத் திரும்பினால் கருவிழி வெந்துபோகும்.

மூடி மூடியிருக்கும்வரை பயமில்லை. அதிலுள்ள பிளாஸ்டிக் ஜன்னல் இந்தக் கதிரை உறிஞ்சிவிடும். ஆகவே மூடி திறந்தால் லேசர் நின்றாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு ஒரு மைக்ரோ சுவிட்ச் போதும். மெஷின் முன்பக்கத்தில் ‘லேசர் சுவிட்ச்’ என்று ஒரு பட்டன் இருக்கும். அதன் இரண்டு வயரும் சேர்ந்திருந்தால்தான் சப்ளை பெட்டி வேலை செய்யும். அந்தச் சுற்றில் ஓடுவது 5 வோல்ட்தான். அந்த வயர் ஒன்றை வெட்டி நடுவில் மூடி சுவிட்சைச் சேர்க்க வேண்டும். குழாய் இருக்கிற பின்பக்கத்துக்கும் தனி மூடி உண்டு. அதற்கும் ஒன்று. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வர வேண்டும்.

சுவிட்சில் மூன்று கால் இருக்கும். மூடி அழுத்தினால் மட்டும் சேரும் கால்களைத்தான் எடுக்க வேண்டும். அப்போதுதான், நாளைக்கு எலி வயரைக் கடித்தாலும் லேசர் நிற்கும். மாற்றிப் போட்டால் எலி கடித்த அன்றைக்குப் பாதுகாப்பு போனதே தெரியாது.

ஐந்தாயிரம், பத்தாயிரம் கொடுத்துப் போர்டு மாற்றுகிறவர்கள் இந்தச் சின்ன சுவிட்சைத் தள்ளிப்போடுவதுதான் வேடிக்கை. பையன் கண்ணுக்கு ஸ்பேர் கிடைக்குமா?

“எர்த்து எதுக்கு சார்? ஓடுதுல்ல?”

எர்த் இல்லாமலும் மெஷின் ஓடும். அதுதான் ஆபத்தே!

சீனாவிலிருந்து வருகிற பிளக் நம் ஊர் சாக்கெட்டில் நுழையாது. உடனே கன்வெர்ட்டர் வாங்கிச் செருகுகிறார்கள். பல கன்வெர்ட்டர்களில் எர்த் முனை பெயருக்குத்தான் இருக்கும். உள்ளே தொடர்பு கிடையாது. சிலவற்றில் முனையே இல்லை. கன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு நம் ஊர் மூன்று பின் பிளக்கையே மாட்டிவிடுங்கள். அதில் எர்த் பின் மட்டும் நீளமாக, தடியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். செருகும்போது கரண்டுக்கு முன்பாக எர்த் சேரவேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலகவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அடுத்து மெஷின் உள்பக்கம். எர்த் வயர் பாடியில் திருகியிருக்கும். ஆனால் பெயின்ட் மேலேயே திருகியிருப்பார்கள்! பெயின்ட் கரண்டைக் கடத்தாது. அந்த இடத்தைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்க வேண்டும். மூடிகள் கீலில் தொங்குகின்றன. கீலிலும் பெயின்ட். ஒவ்வொரு மூடிக்கும் பாடியிலிருந்து ஒரு துண்டு வயர் கொடுத்தாக வேண்டும்.

பிறகு பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி வைத்துக்கொண்டு, மீட்டரை ஓம் அளவில் போட்டு, ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னிலும் மறு முனையைப் பாடியிலும் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மூடியிலும் அதே மாதிரி. வயர் கலரைப் பார்த்து ஏமாறக்கூடாது. உள்ளே பச்சை வயர் வேறு எதற்காவது போயிருக்கும்!

இதெல்லாம் சரி, சுவரில் எர்த் இருக்கிறதா? பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை காலியாகவே இருப்பதுண்டு. அதைவிட மோசம், நியூட்ரலையே எர்த் துளையில் முறுக்கிவிட்டுப் போகிற கைங்கரியம். நியூட்ரல் வயர் எங்காவது அறுந்தால் மெஷின் பாடி முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இந்த இடத்தில் சொந்தக் கைவேலை வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

“நம்ம கடையில் ஆர்.சி.சி.பி. இருக்கே” என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். வயர் கோளாறில் பாடிக்கு வருகிற 230 வோல்ட்டுக்கு அது காவல். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் போதும், படக்கென்று விழும். ஆனால் 20 ஆயிரம் வோல்ட் பக்கம் அதற்குத் தெரியாது. நடுவில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே! அந்தப் பக்கத்தில் ஆள் மாட்டிக்கொண்டாலும் ஆர்.சி.சி.பி. அசையாமல் நிற்கும்.

மீட்டரிலும் ஆபத்து

முன்பக்கத்தில் மில்லி ஆம்பியர் மீட்டர் இருக்கிறது அல்லவா? குழாயிலிருந்து திரும்பி வருகிற கரண்ட் அதன் வழியாகத்தான் சப்ளை பெட்டிக்குப் போகிறது. அந்த வயர் நல்லபடி இருக்கும்வரை மீட்டரில் வோல்டேஜ் இல்லை. மீட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே வயர் கழன்றதோ, கதை கந்தல்! ஆயிரக்கணக்கான வோல்ட் முன்பக்க மீட்டருக்கே வந்து நிற்கும். எனவே அங்கே சும்மா முறுக்கிய இணைப்பு கூடாது. லக் போட்டு இறுக்க வேண்டும்.

குழாயின் மறு முனைக்குப் போகிற தடி வயர்தான் யமன். அதற்கென்று ஹை வோல்டேஜ் சிலிக்கான் வயர் தனியாக விற்கிறது. சாதாரண வயர் போட்டு, கறுப்பு டேப் சுற்றினால் டேப்பைத் துளைத்துக்கொண்டு பாயும். இணைப்பின்மேல் சிலிக்கான் குழல் மாட்டி, உள்ளே சிலிக்கான் பசை நிரப்ப வேண்டும். குழாயின் பின்னில் நேரடியாக பற்றவைக்கக் கூடாது. சூட்டில் கண்ணாடி விரிந்து போகும். சுற்றி முறுக்கிப் பசை போடுவதே வழக்கம்.

உள்ளே ‘உஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டாலோ, ஒரு மாதிரி காரமான வாசனை வந்தாலோ கரண்ட் எங்கோ கசிகிறது. மழைக்காலத்து ஈரக் காற்றில் இது அதிகம். உடனே நிறுத்த வேண்டும். நிறுத்திய கையோடு உள்ளே கை விடக்கூடாது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, சில நிமிடமாவது விட்டுவிடுங்கள். பெட்டியிலும் குழாயிலும் கரண்ட் தங்கி இருக்கும். அணைத்த மெஷினும் அடிக்கும்!

சப்ளை பெட்டியைத் திறந்து ரிப்பேர் செய்கிற யோசனையே வேண்டாம். கெட்டால் புதிது வாங்குவதுதான் லாபம்.

தண்ணீர் நின்றால்...

வாளித் தண்ணீர், ஒரு சின்ன பம்ப். இதுதான் குழாயின் ஆயுள். பம்ப் நின்றது தெரியாமல் வேலை ஓடினால் கண்ணாடி விரிசல் விட்டு, காசு போச்சு.

இதற்கும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. தண்ணீர் ஓடினால் சேரும், நின்றால் பிரியும். மூடி சுவிட்ச் இருக்கும் அதே வரிசையில் இதையும் கோத்துவிடலாம்.

கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது. உப்பு படியும், கரண்டும் கடத்தும். பாட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. சென்னை வெயிலில் மத்தியானம் வாளி சுட்டுவிடும். 25 டிகிரிக்கு மேல் போகாமல், பாட்டிலில் ஐஸ் கட்டி வாளியில் மிதக்க விடுகிறார்கள். ரொம்பக் குளிர வைத்தால் குழாய்மேல் வியர்க்கும். ஹை வோல்டேஜ் இருக்கிற இடத்தில் ஈரம் நல்லதல்ல. மெஷின் ஓடும்போது “எவ்வளவு சூடு?” என்று வாளியில் விரலை விட்டுப் பார்ப்பது அறவே கூடாது. மீன் தொட்டிக்கு வைக்கிற தெர்மாமீட்டர் போதும்.

மீட்டரை 15-க்கு மேல் ஏற்றாமல் ஓட்டினால் குழாய் நாள்பட வரும்.

போர்டு மாற்றலாமா?

இப்போது மாற்றலாம்! பழைய போர்டு லேசரை ‘ஆன்’, ‘ஆப்’ மட்டும்தான் செய்யும். எவ்வளவு பலம் என்பதை நாம் குமிழைத் திருகி வைக்க வேண்டும். புது போர்டு பலத்தையும் தானே கூட்டிக் குறைக்கும். போட்டோவை மரத்தில் பொறிக்கிறவர்களுக்கு அது உபயோகம். வெறுமனே வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் பழைய போர்டே தாராளம். ‘கே-40 விஸ்பரர்’ என்று ஒரு புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. கூட வருகிற சீனப் புரோகிராமோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

போர்டு மாற்றுவதானால் 24 வோல்ட்டுக்குத் தனி எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள். லேசர் பெட்டியே மோட்டாருக்கும் 24 வோல்ட் தருகிறது. அதன் தெம்பு ரொம்பக் கொஞ்சம். பழைய 24 வோல்ட் வயரும் புது 24 வோல்ட் வயரும் ஒன்றோடு ஒன்று சேரவே கூடாது. இரண்டின் கிரவுண்ட் வயர்கள் மட்டும் சேர வேண்டும். புதுப் பெட்டியின் எர்த் முனையைப் பாடியில் கட்ட மறக்காதீர்கள். அதன் பக்கவாட்டில் 115, 230 என்று சின்ன சுவிட்ச் இருந்தால் 230-ல் தள்ளிவிட்டுத்தான் பிளக் செருக வேண்டும்.

கழற்றுமுன் செல்போனில் நாலு படம் எடுத்து, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

ரெக்சின் வெட்டலாமா?

வாடிக்கையாளர் ஏதாவது ஒரு ஷீட்டைக் கொடுத்து “இதையும் வெட்டிக் குடுங்க அண்ணாச்சி” என்பார். அது பி.வி.சி.யாக இருந்தால் வெட்டவே கூடாது. ரெக்சின், வினைல் ஸ்டிக்கரில் நிறைய இந்த ரகம்தான். எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலை அரிக்கும். மெஷினும் துருப்பிடிக்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி. செம்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, அந்த ஷீட்டில் தொட்டு, திரும்ப நெருப்பில் காட்ட வேண்டும். ஜுவாலை பச்சையாக வந்தால் அதில் குளோரின் இருக்கிறது. வேலையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜன்னல் ஓரமாக, துளியூண்டு தொட்டுப் பார்த்தால் போதும்.

அக்ரிலிக் திடீரென்று தீப்பிடிக்கும். மெஷினை ஓடவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. பக்கத்தில் கார்பன்-டை-ஆக்சைடு தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

மைக்ரோ சுவிட்ச், தண்ணீர் சுவிட்ச், எஸ்.எம்.பி.எஸ்., பல் வாஷர், லக் எல்லாம் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெருவிலும், அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் தேடலாம். மைக்ரோ சுவிட்ச் வாங்கும்போது இரண்டு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைப்பு.